விலையில்லாக் குவளையும் சட்டமும்



சென்ற மார்கழியில் ஒரு மாலைப்பொழுது. தில்லியின் தென்பகுதியில் முடிதிருத்தும் நிலையம் ஒன்றை நடத்திவரும் தமிழிளைஞர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைநகருக்கு வந்து, பிறர் கடையில் பல ஆண்டுகள் கத்தரி பிடித்துப் பொருள் சேர்த்து, இப்போது மூன்று நாற்காலிகள் கொண்ட சொந்தக் கடையை வைத்திருப்பவர். அவர் கையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது.

"சார், இந்த நோட்டீசை நாளை அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். இந்தி பிழையில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் வீட்டிற்கு இவ்வாறு தாள்கள் வருவது வழக்கம். வாங்கிப் படித்தோம். ஆங்கிலப் புத்தாண்டை முன்னிட்டு ஒரு வார காலம், அந்நிலையத்தில் முடி திருத்தி முகச்சவரமும் செய்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஒரு குவளை பீர் இலவசமாக வழங்கப்படும் என்பது அதில் கண்ட செய்தி.

"இந்தியில் பிழை இல்லை, தம்பி. பிழை வேறிடத்தில் இருக்கிறது" என்றோம்.

அவருக்கு வியப்பு. "விற்றால்தானே சார் லைசென்ஸ் வேண்டும்? நான் காசு வாங்காமல் சும்மாதானே கொடுக்கிறேன்?" என்று கேட்டார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் அன்று. வெளி மாநிலங்களில் தையற்கடையும் நகைக்கடையும் உணவு விடுதியும் பயண முகவர் நிலையமும் நடத்தும் நம்மவர் பலருடைய உள்ளத்திலும் இருக்கக்கூடியதே. ஆகவே அதற்குரிய விடையைச் சற்று விரிவாகவே இங்குக் கூற விரும்புகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்விருப்பத்திற்குப் பின்னே தீய எண்ணம் ஏதும் இல்லை. கடைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்பது நம் வணிகரிடையே வழிவழி வந்த பண்பு. திருமணப் பட்டெடுக்க வரும் குடும்பத்தாருக்குக் காப்பியும் கலரும் வரவழைத்துக் கொடுப்பதைக் காஞ்சிபுரத்திலும் காணலாம், கும்பகோணத்திலும் காணலாம். பெருநகரங்களின் நாகரிகக் கடைகளைப் பார்த்து, அந்தக் காப்பிக் குவளையின் இடத்தில் பீர்க் குவளையை வைத்தால் என்ன என்று சிலர் எண்ணுகின்றனர். காப்பிக்கும் கலருக்கும் இல்லாத ஒரு வேலி மதுவைச் சுற்றி இருக்கிறது என்பதை அவர்கள் கருதுவதில்லை.

அந்த வேலி எவ்வாறு வந்தது என்பதைப் பார்ப்போம். நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலங்களுக்கு உரிய பட்டியல் ஒன்று உண்டு. அதன் 8-ஆம் இனம் போதை தரும் மதுவகைகளைப் பற்றியது. அவற்றை ஆக்குதல், வைத்திருத்தல், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லுதல், வாங்குதல், விற்றல் ஆகிய அனைத்தையும் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலங்களிடம் உள்ளது. அதே பட்டியலின் 51-ஆம் இனம் மதுவின்மீது ஆயத்தீர்வை விதிக்கும் உரிமையையும் அவற்றிற்கே அளிக்கிறது. 2017-ஆம் ஆண்டு சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோதும், மனிதர் அருந்தும் மது அவ்வரிக்கு அப்பாலேயே நிறுத்தப்பட்டது. இவற்றோடு, மருந்துக்கு அன்றி மது அருந்துவதை விலக்க அரசு முயல வேண்டும் என்று 47-ஆம் பிரிவு வழிகாட்டுகிறது.

பழைய ஆவணங்களில் இத்துறையை 'அப்காரி இலாகா' என்று எழுதியிருப்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். 'ஆப்' என்றால் நீர். இன்று நாம் வழங்கும் 'கலால்' என்பதும் வடபுலத்தில் மது காய்ச்சி விற்றவரைக் குறித்த சொல்லே. பெயர் மாறினும் பொருள் மாறவில்லை. மது பிறக்கும் இடத்திலிருந்து அது தொண்டையில் இறங்கும் இடம் வரையில் அரசின் பார்வைக்கு உட்பட்டது என்பதே அதன் பொருள்.

உச்ச நீதிமன்றமும் இவ்வாறே கருதியுள்ளது. பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தைப் பற்றிய பால்சாரா வழக்கில், 1951-ஆம் ஆண்டிலேயே, அச்சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று அது தீர்ப்பளித்தது. மதுவைக் கையில் வைத்திருப்பதையும் அருந்துவதையும்கூட மாநிலம் கட்டுப்படுத்தலாம் என்பது அதனால் உறுதியாயிற்று. பின்னர் 1975-ஆம் ஆண்டில் ஹர் சங்கர் வழக்கில், மது வாணிபம் செய்வது குடிமகனின் அடிப்படை உரிமை அன்று என்று அந்நீதிமன்றம் கூறிற்று. துணி விற்பதும் அரிசி விற்பதும் உரிமையாகும். மது விற்பதோ அரசு தரும் அனுமதியால் வருவது. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால் பின்னே வருவன எளிதில் விளங்கும்.

சென்னையிலிருந்து புறப்படும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் தில்லியை அடைவதற்குள் ஆந்திரம், தெலங்கானம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், அரியானா முதலிய பல மாநிலங்களைக் கடக்கிறது. பயணி ஒருவரே, வண்டியும் ஒன்றே. ஆனால் அவர் பெட்டியிலுள்ள ஒரு புட்டிக்கு ஒவ்வோர் எல்லையிலும் சட்டம் மாறுகிறது. ஊரில் கண்ட வழக்கத்தையோ, முன்னர் வேலை பார்த்த நகரின் வழக்கத்தையோ இப்போது வாழும் இடத்திற்குப் பொருத்திப் பார்ப்பது தவறு. வெளி மாநிலத் தமிழர் அனைவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டுவது இது.

இனி, இளைஞர் கேட்ட கேள்விக்கு வருவோம். காசு வாங்காமல் கொடுத்தால் அது விற்பனை ஆகுமா?

அவர் கூற்றில் ஓரளவு உண்மை இல்லாமற்போகவில்லை. 1914-ஆம் ஆண்டின் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டத்தில் 'விற்பனை' என்ற சொல்லுக்கு ஓர் இலக்கணம் உண்டு. நன்கொடையாக அன்றி வேறு எவ்வகையில் கைமாறினாலும் அது விற்பனையுள் அடங்கும் என்பது அதன் கருத்து. அப்படியாயின், உண்மையான நன்கொடை விற்பனை ஆகாது என்பதும் அதிலிருந்தே பெறப்படுகிறது. ஒருவர் தம் இல்லத்தில் நண்பருக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுப்பதை விற்பனை என்று எவரும் கூறார்.

ஆனால் நன்கொடை என்பது யாது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, ஒருவர் தாமே மனமுவந்து, மறுபயன் ஏதுமின்றித் தருவதும், மற்றவர் அதை ஏற்றுக்கொள்வதுமே நன்கொடை என்று வரையறுக்கிறது. இங்கே 'மறுபயன்' என்ற சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒன்றைக் கொடுப்பதற்கு ஈடாகப் பெறும் எதுவும் மறுபயன். அது ரூபாயாக இருக்கலாம். வேறொரு செயலாகவும் இருக்கலாம்.

இளைஞருடைய துண்டுத்தாளை மீண்டும் பார்ப்போம். முடி திருத்திச் சவரமும் செய்துகொள்பவருக்கே பீர் என்று அது கூறுகிறது. சவரம் செய்துகொள்ளாதவருக்குக் குவளை இல்லை. ஆகவே அக்குவளை சவரக் கூலியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. விலைப்பட்டியலில் அது தனியாக எழுதப்படவில்லையே தவிர, வாடிக்கையாளர் தரும் தொகைக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது என்று வாதிட எந்த அதிகாரிக்கும் எளிதாகும்.

விளம்பர நெறியும் இதையே வலியுறுத்துகிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்கும் பொருட்டு 2022-ஆம் ஆண்டு மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், ஒரு தொகுப்பின் விலையில் அடங்கிய பொருளை 'இலவசம்' என்று விளம்பரப்படுத்தலாகாது என்று கூறப்பட்டுள்ளது. சோப்புக்கும் சீப்புக்கும் சொல்லப்பட்ட இந்நெறி குவளைக்கும் பொருந்தும்.

ஒருவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள மூன்று கேள்விகள் போதும். என்னிடம் எதையும் வாங்காதவருக்கும் இதைக் கொடுப்பேனா? இதைக் கொடுக்காவிடில் என் வியாபாரம் குறையும் என்று எண்ணுகிறேனா? இதைச் சொல்லி ஆட்களைக் கடைக்கு அழைக்கிறேனா? முதற்கேள்விக்கு இல்லை என்றும், மற்ற இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றும் விடை வருமாயின், அது உபசாரம் என்ற பெயரில் நடக்கும் வாணிபமே.

"சார், நான் உண்மையாகவே யார் வந்தாலும் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது?" என்று இளைஞர் விடாமல் கேட்டார். அறிவுள்ள கேள்விதான். அப்போது விற்பனை என்ற ஒரு வாயிலை அவர் ஒருவேளை கடந்துவிடலாம். ஆயினும் மதுச் சட்டத்திற்கு வாயில் ஒன்றன்று, பல உண்டு. அவற்றுள் ஐந்தினைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, வைத்திருக்கும் அளவு. ஒருவர் உரிமம் இன்றி எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் வரையறுத்துள்ளது. தில்லியில் 25 வயது நிரம்பிய ஒருவர் விஸ்கி, ரம், ஜின், பிராந்தி போன்றவற்றில் 9 லிட்டரும், பீர், ஒயின் போன்றவற்றில் 18 லிட்டரும் வைத்திருக்கலாம். 2022-ஆம் ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கூட்டுக் குடும்பம் வாழும் வீட்டில் இவ்வளவை வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்று கொண்டது. இவ்வரம்பு தனி மனிதர் தம் சொந்த உபயோகத்திற்கென வைத்திருப்பதைக் கருதியே அமைந்தது. ஒரு வாரம் நாளொன்றுக்கு முப்பது வாடிக்கையாளருக்கு ஊற்றப் பீர்ப் பெட்டிகளைக் கடையின் பின்னறையில் அடுக்கி வைப்பவர், அதனைத் தம் சொந்த உபயோகம் என்று எப்படிக் கூற இயலும்?

இரண்டாவது, இடம். பெரும்பாலான மாநிலங்களில் பொது இடத்தில் மது அருந்துவது குற்றம். தில்லியின் 2009-ஆம் ஆண்டு ஆயத்தீர்வைச் சட்டத்தின்படி, பொதுமக்கள் வந்துபோகும் இடம் பொது இடமாகும். வீதியோரக் கடை என் சொந்த இடமாயிற்றே என்று உரிமையாளர் கூறலாம். ஆனால் கதவைத் திறந்து வைத்து அனைவரையும் வருக என்று அழைக்கும் இடம் அது. அருந்துபவர் மட்டுமன்றி, அருந்த இடங்கொடுப்பவரும் பதில் சொல்ல நேரும். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் இந்த வாயில் இன்னும் குறுகியது. 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இன்று அவ்விரு மாநிலங்களிலும் அவற்றின் பெயராலேயே வழங்கி வருகிறது. அதில் 'பொதுக் குடியிடம்' என்று ஒன்று சொல்லப்படுகிறது. இடத்தின் உரிமையாளரோ அதை நடத்துபவரோ ஏதேனும் ஓர் ஆதாயத்தைக் கருதி மது அருந்த இடமளித்தால், அந்த ஆதாயம் எவ்வழியில் வந்தாலும், அவ்விடம் அப்பெயரைப் பெறும். குவளைக்குக் காசு வாங்கினாரா என்று அங்குக் கேட்கப்படுவதில்லை. ஆதாயம் உண்டா என்றே கேட்கப்படும்.

மூன்றாவது, ஆள். மது அருந்தும் வயது ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. தில்லியில் 25, கேரளத்தில் 23, உத்தரப் பிரதேசத்தில் 21. தில்லிச் சலூனில் வந்து அமரும் கல்லூரி மாணவருள் பெரும்பாலோர் அவ்வயதை எட்டாதவர். உரிமம் பெற்ற மதுக்கூடத்தில் வயதுச் சான்று கேட்பதற்கு ஆள் உண்டு. சவரக் கத்தியைக் கையில் வைத்திருப்பவர் அந்த வேலையையும் பார்க்க இயலுமா?

நான்காவது, நாள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தேசிய நாள்களில் மது விற்பனை மூடப்படும். தேர்தல் காலத்தின் விதி இன்னும் கடுமையானது. அது நாடு முழுவதற்கும் பொதுவானது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135சி பிரிவு, வாக்குப்பதிவு முடிய வேண்டிய நேரத்தோடு முடியும் 48 மணி நேரத்திற்கு அத்தொகுதியில் மதுவைத் தடை செய்கிறது. அதன் சொற்களைக் கவனிக்க வேண்டும். விற்றலாகாது என்று மட்டும் அது கூறவில்லை. விற்கவோ, கொடுக்கவோ, பகிர்ந்தளிக்கவோ கூடாது என்கிறது. உணவு விடுதி, கடை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பொது இடமாயினும் தனி இடமாயினும் என்றும் சேர்க்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இலவசம் என்ற சொல் இங்கு எவ்விதப் புகலிடமும் தராது.

ஐந்தாவது, புட்டி வந்த வழி. ஒரு மாநிலத்தில் தீர்வை செலுத்தப்பட்ட புட்டி மற்றொரு மாநிலத்தில் தீர்வை செலுத்தாத சரக்காகவே கருதப்படும். புதுச்சேரியிலிருந்தோ கோவாவிலிருந்தோ மலிவாகக் கிடைத்தது என்று கொண்டுவந்து கடையில் ஊற்றுவது கடத்தல் என்ற குற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். படைவீரருக்கும் முன்னாள் படைவீரருக்கும் சலுகை விலையில் கிடைக்கும் இராணுவக் கேண்டீன் மதுவும் அவர்கள் உபயோகத்திற்கென்றே தரப்படுவது. வேறொருவர் கடை உபசாரத்திற்கு உரியது அன்று. வழி தெரியாத மதுவில் உயிருக்கும் ஆபத்துண்டு. 2015-ஆம் ஆண்டு மும்பையின் மால்வணிப் பகுதியிலும், 2024-ஆம் ஆண்டு நம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை நாடறியும். புட்டியின் மூலம் இன்னதென்று சொல்ல வேண்டும் எனச் சட்டம் வற்புறுத்துவது வரிக்காக மட்டும் அன்று.

இவ்வைந்தையும் கூறக் கேட்டபின் இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வெளிநாட்டில் சலூனில் பீர் கொடுக்கிறார்களே சார், நானே படத்தில் பார்த்தேன்" என்றார்.

உண்மைதான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2017-ஆம் ஆண்டு முதல் அழகு நிலையங்களும் முடிதிருத்தும் நிலையங்களும் தனி உரிமம் இன்றியே தம் வாடிக்கையாளருக்கு பீரோ ஒயினோ கொடுக்கலாம். ஆனால் அது எவ்வாறு வந்தது? சும்மா கொடுத்தால் என்ன என்று கடைக்காரர்கள் தாமாக முடிவு செய்து வந்தது அன்று. சட்டமன்றத்தில் அதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பீர் என்றால் 12 அவுன்ஸ், ஒயின் என்றால் 6 அவுன்ஸ், அதற்கு மேல் இல்லை. அதற்கென்று தனிக்கட்டணம் வாங்கலாகாது. இரவு 10 மணிக்குப் பிறகு கொடுக்கலாகாது என்று எல்லை வகுக்கப்பட்டது. தாராளம் மிகுந்த அந்நாட்டிலும் இலவசக் குவளைக்குச் சட்டத்தின் வாயிலாகவே வழி பிறந்தது என்பதுதான் நாம் இதிலிருந்து கற்க வேண்டியது. அயல்நாட்டுச் சட்டம் அயல்நாட்டோடு நிற்கும். முனீர்க்காவில் உள்ள கடைக்குக் கலிபோர்னியாவின் அனுமதி துணைவராது.

மதுவிலக்கு நடைபெறும் மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு ஒரு தனிச் சொல். குஜராத்தில் அம்மாநிலம் 1960-இல் உருவான நாள் முதலாக மதுவிலக்கு இருந்து வருகிறது. அகமதாபாத்தின் மணிநகர்ப் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழர் இதை நன்கறிவர். புதிதாகச் செல்வோர் அறிந்துகொள்ள வேண்டும். நாகாலாந்தில் 1989-ஆம் ஆண்டின் சட்டம் விற்பனையை முற்றிலும் தடுக்கிறது. பீகாரில் 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மது விலக்கப்பட்டுள்ளது. அம்மாநிலச் சட்டம் அருந்தியவரைத் தண்டிப்பதோடு நில்லாமல், குற்றம் நிகழ்ந்த கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடவும் அதிகாரம் தருகிறது. அத்தகைய ஊரில் உபசாரக் குவளை என்பது நினைத்துப் பார்க்கவும் கூடாத ஒன்று.

சட்டத்தை மீறினால் வருவது யாது? தில்லிச் சட்டத்தின் 33-ஆம் பிரிவில், உரிமம் இன்றி மதுவை வைத்திருத்தல், விற்றல் முதலிய குற்றங்களுக்கு ஆறு மாதத்திற்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரத்திற்குக் குறையாமல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கூறப்பட்டுள்ளன. மூன்று நாற்காலிகள் கொண்ட ஒரு கடைக்கு ஒரு லட்சம் என்பது எத்தனை தலைகளின் கூலி என்று அவரவரே கணக்கிடலாம்.

ஆனால் ஏட்டில் எழுதப்பட்ட தண்டனையைக் காட்டிலும் ஏட்டில் எழுதப்படாத இழப்பு பெரிது. வெளி மாநிலத்தில் தொழில் செய்யும் தமிழருக்கு வரும் அறிவிப்பு நமக்குப் பழகாத மொழியில் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஒருவரைத் தேட வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். விசாரணைக்குச் செல்லும் நாளெல்லாம் கடை மூடிக் கிடக்கும். வாடகைக்கு இடம் கொடுத்தவர், வம்பு வேண்டாம் என்று காலி செய்யச் சொல்லலாம். ஊரில் இவ்வளவும் நேர்ந்தால் உறவினர் நால்வர் துணை நிற்பர்; வந்த ஊரில் நமக்குத் துணை நிற்பது நம் நற்பெயர் ஒன்றே. அதை ஒரு குவளைக்காகப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.

வாடிக்கையாளர் நலனையும் எண்ண வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுப்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் உள்ள நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முதல் குற்றத்திற்கே ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தவருக்கு நாம் அன்போடு ஊற்றிக்கொடுத்த குவளை, அடுத்த சந்திப்பில் அவரைக் காவலர் முன் நிறுத்தலாம்; அதனினும் கொடியது நேரவும் கூடும். அதை உபசாரம் என்று எவ்வாறு கூறுவது?

அப்படியாயின் முறைப்படி நடத்த வழியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கடையின் ஆண்டு விழா, கூட்டாளிகளுக்கு விருந்து போன்ற ஒருநாள் நிகழ்ச்சியில் மது வழங்க விரும்புவோர், முதலாவதாக, உரிமம் பெற்ற உணவு விடுதியிலோ ஓட்டலிலோ அதை வைத்துக்கொள்ளலாம். வழங்கும் பொறுப்பு அப்போது உரிமம் பெற்றவரையே சாரும். இரண்டாவதாக, பல மாநிலங்களில் ஒருநாள் நிகழ்ச்சிக்கான தற்காலிக அனுமதி தரப்படுகிறது. தில்லியில் அது 'பி-10' என்ற பெயரால் வழங்குகிறது. இவ்வனுமதி ஒரு நிகழ்ச்சிக்கு உரியது. நாள்தோறும் வரும் வாடிக்கையாளருக்கு ஊற்றுவதற்கு அன்று.

உரிமம் என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் 'சி.எல்-2' என்பது சில்லறை விற்பனைக் கடைக்கு உரியது. புட்டியை வாங்கிச் செல்லலாமே தவிர அங்கேயே அமர்ந்து அருந்த அது இடந்தராது. அமர்ந்து அருந்தும் மதுக்கூடத்திற்கு 'சி.எல்-9' என்று வேறோர் உரிமம் உண்டு. எந்தத் தாள் எதற்கு உரியது என்பதை அறியாமல் நண்பரின் உரிமத்தை நம்பி இறங்கியவர்கள் இடர்ப்பட நேரும்.

ஐயம் எழுந்தால் செய்ய வேண்டுவது எளிது. தம் மாவட்டத்து ஆயத்தீர்வை அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதுக. கடையின் முகவரி, தொழில், செய்ய விரும்புவது, நாள், அளவு ஆகியவற்றை மறைக்காமல் குறிப்பிட்டு, இதற்கு அனுமதி உண்டா என்று கேட்டு, விடையையும் எழுத்திலேயே பெறுக. பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், அறிந்த காவலர் ஒருவர் பரவாயில்லை என்றார் என்பவை நீதிமன்றத்தில் சான்றாகா. விதிகளும் கட்டணங்களும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. சென்ற ஆண்டு இருந்தது இவ்வாண்டும் இருக்கும் என்று எண்ணற்க. வாடிக்கையாளர் தாமே புட்டி கொண்டுவந்து கடையில் அமர்ந்து அருந்த விரும்பினாலும் பணிவோடு மறுத்துவிடுக. ஊற்றியவர் யார் என்பதற்கு முன்னர், இடம் யாருடையது என்பதே கேட்கப்படும்.

விலை இல்லை என்பதால் விதி இல்லை என்று ஆகிவிடாது. நாம் கூற வந்தது இவ்வளவே. காசு கைமாறியதா என்பது சட்டம் கேட்கும் பல கேள்விகளுள் ஒன்று மட்டுமே. எவ்வளவு, எங்கே, யாருக்கு, எந்நாளில், எங்கிருந்து வந்தது என்ற மற்றக் கேள்விகள் அனைத்தும் அப்படியே நிற்கின்றன.

அவ்விளைஞரைப் பற்றி ஒரு சொல் கூறி முடிப்போம். அவர் துண்டுத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நல்ல வேளை சார், அச்சுக்குக் கொடுக்கவில்லை" என்று எழுந்தார். மறுநாள் மாலை மீண்டும் வந்தார். இப்போது தாளில் பீரைக் காணோம். தில்லிக் குளிரில் முடி திருத்திக்கொள்ள வருவோர்க்குச் சூடான சுக்குக் காப்பி இலவசம் என்று எழுதியிருந்தது. சுக்குக் காப்பிக்கு இந்தியில் என்ன சொல்வது என்பதே அவருடைய புதிய கவலை. 'சோண்ட்' என்றால் சுக்கு என்று எழுதிக் கொடுத்தோம்.

புத்தாண்டு வாரத்தில் ஒருநாள் அவ்வழியே சென்றபோது கடைக்குள் எட்டிப் பார்த்தோம். மூன்று நாற்காலிகளிலும் ஆள் இருந்தது. சுவரோரப் பலகையில் இருவர் குவளையைக் கையில் ஏந்தி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தனர். நமக்கும் ஒரு குவளை வந்தது. நாம் அன்று முடி திருத்திக்கொள்ளவில்லை. ஆகவே அது மெய்யான நன்கொடையே.